சீனிக்குப் பதிலாக

மலாக்கா நகரத்திலிருந்து ஜாசினுக்குப் போகும் சாலையில், ஜாசினை அடையச் சற்று முன்பாகவே வந்துவிடுகிற பெம்பான் என்னும் சிற்றூருக்கு, மலாய்க்காரர்கள் கூடை முடைவதற்குப் பயன்படுத்துகிற, நாணலைப் போன்ற ஒரு செடியின் பெயரே பெயராக வாய்த்திருக்கிறது. அவ்வூரிலும் அதைச் சூழ்ந்த தோட்டங்களிலும் வாழ்கிற தமிழர்கள் காலையில் பசியாற உட்காருகிறபோது, தட்டில் தோசை விழுமா ரொட்டி விழுமா என்று தெரிவதற்கு முன்பே கையில் ஒரு கிளாஸ் தேயோ கோப்பியோ வந்துவிட வேண்டும்; அது தித்திப்பாகவும் இருந்தாக வேண்டும். கடைக்காரரிடம் 'தே' என்று மட்டும் சொன்னால் கெட்டிப்பால் கலந்த இனிப்புத் தேநீர் வரும். 'தே ஓ' என்றால் பாலில்லாமல் சீனி மட்டும் போட்டது வரும். அதோடு 'கோசோங்' என்ற மலாய்ச் சொல்லையும் சேர்த்துச் சொன்னால்தான் சீனி அறவே இல்லாதது கிடைக்கும். இனிப்பு வேண்டும் என்று கேட்பதற்கு அங்கே எந்தச் சொல்லும் தேவைப்படுவதில்லை; வேண்டாம் என்று சொல்வதற்குத்தான் ஒரு சொல்லைக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டியிருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் அத்தகைய ஒட்டுக்கடை ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். என் பக்கத்தில் இருந்த பெரியவர், இளமையெல்லாம் பால்மரம் சீவி, மரங்கள் போய்ச் செம்பனை வந்த பிறகு அதிலும் பல ஆண்டுகள் உழைத்து ஓய்ந்தவர், தமக்கு வந்த தே தாரிக்கில் சட்டைப்பையிலிருந்து எடுத்த சிறு டப்பியைத் தட்டி இரண்டு வெள்ளை மாத்திரைகளை விழச் செய்து, கரண்டியால் கலக்கிக்கொண்டே என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

"சீனிய விட்டு ஆறு மாசம் ஆச்சு தம்பி. இந்த மாத்திரதான். ஆனா கிளினிக்ல ஏறி நின்னா எட மட்டும் எறங்க மாட்டேங்குது."

தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரர் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "ஐயா, நான் போடுற பாலுலயே பாதி சீனிதானே? அத எந்த மாத்திர எடுக்கும்?"

பெரியவர் கிளாஸையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கலோரி இல்லாத இனிப்பூட்டிகள் உடல் எடையைக் குறைக்குமா, குறைக்காதா என்று உலகத்தின் ஆராய்ச்சிசாலைகள் பல ஆண்டுகளாக நடத்திவருகிற விவாதத்தின் சாரத்தை அந்தக் கடைக்காரர் ஒரே கேள்வியில் கொண்டுவந்து வைத்துவிட்டதாக எனக்குத் தோன்றிற்று. இனிப்பூட்டி கிளாஸுக்குள் வந்தபோது அதிலிருந்து வெளியே போனது எது என்பதே அந்தக் கேள்வி.

இந்தப் பொருள்களின் கதை ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுக்கு முற்பட்டது. 1879ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், இரா ரெம்சன் என்ற பேராசிரியரின் ஆராய்ச்சிசாலையில் நிலக்கரித் தாரிலிருந்து பிரிந்த ரசாயனப் பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்த கான்ஸ்டன்டின் ஃபால்பர்க் என்பவர், வேலை முடிந்து ஆகாரத்துக்கு உட்கார்ந்தபோது தம் கையில் ஒட்டியிருந்த ஏதோ ஒன்று அளவுக்கு மீறித் தித்திப்பதை உணர்ந்தார். அதுவே சீனியைவிட ஏறக்குறைய 300 மடங்கு இனிக்கும் சாக்கரின். குடற்புண்ணுக்கு மருந்து தேடிக்கொண்டிருந்த ஜேம்ஸ் ஷ்லாட்டர் என்பவர் 1965இல் விரலை நக்கியபோது அகப்பட்டது, சீனியினும் 200 மடங்கு இனிப்பான அஸ்பார்டேம். இவற்றுள் எதுவும் மனிதன் மெலிய வேண்டும் என்று தேடிக் கண்டுபிடிக்கப்பட்டதன்று.

நம்மவர்களுக்கு விசேஷமான உரிமை உள்ள கதை ஒன்றும் இவற்றிடையே உண்டு. 1976இல் லண்டன் ராணி எலிசபெத் கல்லூரியில் பேராசிரியர் லெஸ்லி ஹஃப்பிடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த சசிகாந்த் பட்னிஸ் என்னும் இந்திய இளைஞர், சீனியின் அணுக்கூட்டத்தில் சில இடங்களில் குளோரினை ஏற்றிச் செய்யப்பட்ட பொருள் ஒன்றைப் பரிசோதித்துப் பார்க்கும்படி சொல்லப்பட்டபோது, ஆங்கிலத்தில் பரிசோதனைக்கும் ருசி பார்த்தலுக்கும் உள்ள சொற்கள் ஒலியால் மிக நெருங்கியவை ஆதலால், ருசி பார்க்கச் சொன்னதாகவே எண்ணி நாவில் வைத்துவிட்டார். சீனியைப் போல் 600 மடங்கு இனிக்கிற சுக்ரலோஸ் அவ்வாறு உலகத்துக்கு வந்தது. இன்று ஆராய்ச்சிசாலையில் அப்படிச் செய்தால் வேலை போய்விடும். அன்று உயிர் போகாமல் இருந்ததே நம் பாக்கியம். இவையெல்லாம் மனிதன் சமைத்தவை என்றால், தென்னமெரிக்காவின் பராகுவே நாட்டுக் குவாரனிப் பழங்குடியினர் நெடுங்காலமாகத் தங்கள் மூலிகைப் பானத்தில் இட்டுவந்த ஸ்டீவியா இலை இயற்கை தந்தது. அதன் சாரத்தைப் பிரித்துத் தூய்மையாக்கும் தொழிலில் நம் மலேசியாவுக்கும் பங்கு உண்டு என்பதையும், மலாக்காவை அடுத்த நெகிரி செம்பிலானில் என்ஸ்டெக் என்ற இடத்தில் அதற்கென்று ஆலை எழுந்தது என்பதையும் அறிந்தவர்கள் நம்மிடையே சொற்பம்.

நாக்கில் இனிப்பை உணர்கிற வாயில்கள் சீனிக்கென்று மட்டும் அமைந்தவை அல்ல. அங்கே பொருந்துகிற வேறு பொருளாலும் அவை திறக்கும். இனிப்பூட்டிகள் அவற்றை மிக வலுவாகத் திறப்பதால் கடுகளவே போதுமாகிறது. கடுகளவிலிருந்து சரீரத்துக்குக் கிடைக்கிற சக்தியோ கணக்கில் வராது. ஒரு தேக்கரண்டிச் சீனி ஏறக்குறைய 5 கிராம். கிராமுக்கு 4 கலோரி வீதம் 20 கலோரி. நாளைக்கு மூன்று வேளை, வேளைக்கு மூன்று கரண்டி போட்டுத் தே ஓ குடிப்பவர் அதனால் மட்டும் 180 கலோரி பெறுகிறார். அதை மாத்திரையாக மாற்றிக்கொண்டால், ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி என்ற பழைய கணக்கின்படி, ஓராண்டில் எட்டுக் கிலோவுக்கு மேல் இளைத்துவிட வேண்டும். காகிதத்தில் கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது.

சரீரத்தின் கணக்கு வேறு. அதை நான் அறிந்தவற்றுள் மிகத் தெளிவாகக் காட்டியது, நெதர்லாந்தில் 641 பள்ளிக் குழந்தைகளை வைத்துச் செய்யப்பட்டு 2012இல் வெளியான ஒரு பரிசோதனை. ஐந்து வயது முதல் பதினோரு வயது வரையிலான, இனிப்புப் பானம் குடித்துப் பழகிய குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு நாள்தோறும் 104 கலோரி உள்ள கால் லிட்டர் சீனிப் பானத்தையும், மற்றொரு பிரிவுக்கு அதே நிறமும் அதே ருசியும் கொண்ட, இனிப்பூட்டி மட்டும் சேர்ந்த பானத்தையும் பதினெட்டு மாதம் கொடுத்தார்கள்; யாருக்கு எது என்பது குழந்தைகளுக்கும் தெரியாது, கொடுத்தவர்களுக்கும் தெரியாது. வளரும் பருவமாதலால் இரு சாராரும் எடை கூடினார்கள். சீனி குடித்தவர்கள் சராசரியாக 7.37 கிலோவும், இனிப்பூட்டி குடித்தவர்கள் 6.35 கிலோவும் கூடினார்கள். காகிதக் கணக்குப்படி வந்திருக்க வேண்டிய வித்தியாசம் ஏழு கிலோ. வந்தது ஒரு கிலோ. மீதி எங்கே போயிற்று என்றால், எடை மாற மாறச் சரீரம் தன் செலவையும் மாற்றிக்கொள்கிறது, ஒரு வாசலில் குறைந்ததை வயிறு மற்றொரு வாசலில் கேட்டும் வாங்கிக்கொள்கிறது என்பதே விடை. ஆனாலும் அந்த ஒரு கிலோ பொய்யன்று. ஒரு குழந்தையின் உணவில் வேறெதையும் தொடாமல், ஒரே ஒரு பானத்தை மட்டும் மாற்றியதால் வந்த ஒரு கிலோ அது. அதை அற்பம் என்று தள்ள என் மனம் ஒப்பவில்லை.

இங்கே ஒரு முரண்பாடு எழுகிறது. இத்தகைய பரிசோதனைகளையெல்லாம் தொகுத்துப் பார்த்த உலக சுகாதார நிறுவனத்தார், இனிப்பூட்டி பயன்படுத்தியவர்களின் எடை மற்றவர்களைவிடச் சராசரியாக 0.71 கிலோ குறைந்திருக்கக் கண்டார்கள். பரிசோதனை எதுவும் செய்யாமல், மக்கள் தாமாகவே எதை உண்கிறார்கள், பல ஆண்டுகளில் என்ன ஆகிறார்கள் என்று கவனித்து மட்டும் வந்த ஆய்வுகளைத் தொகுத்தபோதோ, இனிப்பூட்டி பயன்படுத்துகிறவர்களிடையே பருமனும், இனிப்புநீர் வியாதியும், இருதய நோயும் சற்று அதிகமாகவே காணப்பட்டன. ஒரு தொகுப்பு இளைக்கச் செய்கிறது என்கிறது; மற்றொன்று பருக்கச் செய்வதுபோல் காட்டுகிறது. கிளினிக்கில் வரிசையில் நிற்பவர்களை எண்ணிப் பார்த்து, 'மருந்து சாப்பிடுகிறவர்களிடையேதான் வியாதி அதிகமாயிருக்கிறது; ஆகவே மருந்தே வியாதிக்குக் காரணம்' என்று ஒருவர் முடிவு கட்டினால் எவ்வளவு பிழையோ, அவ்வளவு பிழை இந்த இரண்டாவது தொகுப்பைக் கண்டு அவசரப்படுவதிலும் நேரக்கூடும்; ஏனெனில், எடை ஏறிக் கவலைப்பட்டவர்தாம் பெரும்பாலும் சீனியை விட்டு மாத்திரையை நாடுகிறார். அது முழு விளக்கம்தானா என்பது அறிஞர்களிடையே இன்னும் தீராத வழக்கு.

இவ்விரண்டையும் தராசில் இட்டுப் பார்த்த பிறகே, 2023ஆம் ஆண்டு மே மாதத்தில், எடையைக் கட்டுப்படுத்தும் உபாயமாக இனிப்பூட்டிகளைக் கைக்கொள்ள வேண்டாம் என்று அந்த நிறுவனம் ஆலோசனை கூறியது. நாளிதழ்கள் இதைத் தடை என்பதுபோல் வெளியிட்டன. அது தடை அன்று. நிபந்தனைக்கு உட்பட்ட ஆலோசனை. அதைவிட முக்கியமானது, ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்த ஆலோசனை பொருந்தாது என்று அந்த ஏட்டிலேயே எழுதியிருப்பது. நம் மக்களிடையே இந்த வாக்கியம் போய்ச் சேரவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். 2019ஆம் ஆண்டு மலேசிய அரசாங்கம் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில், பெரியவர்களுள் நூற்றுக்கு 18.3 பேருக்கு இனிப்புநீர் இருப்பதாகத் தெரியவந்தது; இந்தியர்களை மட்டும் தனியே பார்த்தால் நூற்றுக்கு 31.4 பேர். மூவரில் ஒருவர் என்று சொல்லத்தக்க நிலையிலுள்ள ஒரு சமுதாயம், தனக்குப் பொருந்தாத அறிவுரையைக் கேட்டு மாத்திரை டப்பியைத் தூக்கி எறிந்துவிட்டு மீண்டும் சீனியைக் கரண்டி கரண்டியாக அள்ளிப் போட்டுக்கொள்ளுமானால், அந்த நஷ்டத்தை யார் ஈடுசெய்வது?

நமக்கு மிக அருகில் வருகிற பரிசோதனை சென்னையில் நடந்தது. மேல்நாட்டு ஆய்வுகளில் பெரும்பாலானவை புட்டிகளிலும் டின்களிலும் வரும் குளிர்பானங்களைப் பற்றியவை. தமிழனுடைய சீனியோ பெரும்பாலும் காப்பியிலும் தேநீரிலும் கரைந்து உள்ளே போவது. இதை உணர்ந்து, டாக்டர் வி. மோகன் தலைமையிலான சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார், நீரிழிவு உள்ள 179 பேரைச் சேர்த்து, ஒரு பிரிவினர் காப்பி, தேநீரில் போட்டுக்கொள்ளும் சீனிக்குப் பதிலாக சுக்ரலோஸைப் பயன்படுத்தவும், மற்றவர்கள் வழக்கம்போல் சீனியையே தொடரவும் செய்து, பன்னிரண்டு வாரம் கவனித்து, 2024இல் முடிவை வெளியிட்டார்கள். மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டுகிற ரத்தப் பரிசோதனையில் குறிப்பிடத்தக்க மாறுதல் இல்லை. எடையிலும் இடுப்புச் சுற்றளவிலும் சிறிது குறைவு காணப்பட்டது. ஆரவாரம் செய்வதற்குரிய பலன் அன்று இது. ஆயினும், நெதர்லாந்தின் குழந்தைகள் சொன்னதையே சென்னையின் பெரியவர்களும் சொல்கிறார்கள். உள்ளே போய்க்கொண்டிருந்த சீனி மெய்யாகவே வெளியேறியதனால் கிடைத்த பலன் அது.

இப்போது பெம்பான் பெரியவரின் கிளாஸுக்கு வருவோம். அவருடைய தே தாரிக்கில் கடைக்காரர் சீனியை அள்ளிப் போடுவதே இல்லை. அடியில் இரண்டு பெரிய கரண்டி கெட்டிப்பாலை ஊற்றி, அதன்மேல் கொதிக்கும் சாயத்தை இறக்கி, இரண்டு குவளைகளுக்கிடையே உயர்த்தி ஆற்றுகிறார். கெட்டிப்பால் என்று நாம் வழக்கமாகச் சொல்கிற அந்த டின்னின் மேல் எழுதியிருப்பதைப் படித்தால், பல சமயங்களில் அது பாலே அன்று, பாமாயில் சேர்த்துச் செய்த இனிப்புக் கிரீமர் என்பது தெரியும். செம்பனைத் தோட்டத்தில் குலை சாய்த்த கைக்கே அந்த எண்ணெய் ஒரு கிளாஸாகத் திரும்பி வருகிறது. அதன் எடையில் ஏறக்குறையப் பாதி சீனி. இரண்டு கரண்டி என்பது 40 கிராம் என்று கொண்டால் அதில் 130 கலோரி வரை இருக்கும். சீனி மட்டும் நான்கு தேக்கரண்டி. இதன்மேல் போட்ட இரண்டு மாத்திரைகள் எதையும் வெளியேற்றவில்லை. ஏற்கெனவே தித்தித்ததை இன்னும் தித்திக்கச் செய்தன, அவ்வளவே. ஆறு மாதமாக அவர் செய்துவந்த தியாகம், அவரறியாமலே, தியாகமாக இல்லாமற் போய்விட்டது. இதற்கு அவரைக் குறை கூறுவது அநியாயம். 'சீனியைக் குறையுங்கள்' என்று சொன்னவர்கள், சீனி என்பது சீனிச் சாடியில் மட்டும் இருப்பதன்று என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

இந்த இனிப்பு நம் வாழ்வில் புகுந்த வரலாறு எளிதில் தள்ளிவிடத்தக்கதன்று. தமிழர்கள் இந்த நாட்டுக்குத் தோட்டத் தொழிலாளர்களாக முதன்முதலில் வந்தது ரப்பருக்காக அன்று, கரும்புக்காகவே. இன்று செபராங் பிறை என்று வழங்குகிற பகுதியில், பத்து காவான் போன்ற இடங்களில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கரும்புத் தோட்டங்கள் தென்னிந்தியரின் உழைப்பால் நடந்தன. 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் என்ற சீன வணிகர் ரப்பரை வர்த்தகப் பயிராக நட்டு, அதன் பின்னர் ஜாசின் வட்டாரத்துப் புக்கிட் அசஹானில் அதை விரிவாக்கிய பிறகு, கரும்பு மெல்ல மெல்லப் பின்வாங்க, கரும்பு வெட்டியவர்களின் இனத்தார் பால்மரம் சீவப் போனார்கள். பெரட்டு என்னும் காலை ஆள்கணக்கெடுப்புக்கு முந்திய இருட்டில் எழுந்து, வெறும் வயிற்றில் இனிப்பான கோப்பி ஓவைக் குடித்துவிட்டு, நானூறு ஐந்நூறு மரங்களைச் சுற்றி நடந்து கோடு போட்டு, வெயில் ஏறியதும் பாலை வாளிகளில் சேர்த்துக் காண்டாக் கம்பில் தூக்கிச் சுமந்த ஒரு மனிதனுக்கு, அந்தக் கோப்பியிலிருந்த மூன்று கரண்டிச் சீனி விஷமன்று. அதுவே அவனுடைய காலை ஆகாரம். மத்தியானத்துக்குள் அவன் சரீரம் அதைத் தீர்த்துக் கணக்கை நேர் செய்துவிடும். பிறகு ரப்பர் போயிற்று, லயங்கள் காலியாயின, பிள்ளைகள் மலாக்காவின் தொழிற்சாலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் மோட்டார் சைக்கிளில் போய் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். உழைப்பு கையைவிட்டுப் போயிற்று. அதற்கு ஈடாக வந்த இனிப்போ கையிலேயே தங்கிவிட்டது.

தங்கியது எங்கே சேர்கிறது என்பதிலும் நம்மவர்களுக்கு ஒரு துரதிருஷ்டம் உண்டு. கைகால் மெலிந்திருக்க, வயிற்றைச் சுற்றி மட்டும் கொழுப்புப் படிவது தெற்காசியர்களின் சரீர அமைப்பில் காணப்படும் இயல்பு. ஆதலால், எடையையும் உயரத்தையும் கொண்டு கணக்கிடுகிற பி.எம்.ஐ. எண் மேல்நாட்டாருக்கு 25ஐத் தாண்டினால் எச்சரிக்கை என்றால், ஆசியர்களுக்கு 23லேயே எச்சரிக்கை தொடங்குகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர்கள் 2004லேயே எழுதிவைத்தார்கள். இடுப்பை அளந்து பார்ப்பது இதனினும் எளிது. ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை. அதற்கு ஒரு தையற்காரரின் நாடா போதும்.

சீனிக்குப் பதிலாக நம்மவர் நம்புகிற வேறு சில பொருள்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மலாக்காவின் பெயரையே தாங்கிய 'குலா மெலாக்கா', தென்னம்பாளையின் பதநீரைக் காய்ச்சி மூங்கிற் குழாய்களில் வார்த்தெடுக்கும் வெல்லம். அதன் மணத்துக்கும் ருசிக்கும் நிகர் இல்லை. சென்டோலில் அதை ஊற்றாமல் வேறெதை ஊற்றினாலும் எனக்குச் சம்மதமில்லை. ஆனால், 'அது இயற்கையானது, இனிப்புநீர்க்காரரும் சாப்பிடலாம்' என்று சொல்லி விற்கிறபோது மனம் பதைக்கிறது. அதில் பெரும்பகுதி சாதாரணச் சீனியில் உள்ள அதே சுக்ரோஸ்தான்; கலோரியும் ஏறக்குறைய அதே அளவுதான். கருப்பட்டி, பழுப்புச் சீனி ஆகியவற்றுக்கும் இதே தீர்ப்பு. எடை என்ற விஷயத்தில் நிறமும் மணமும் சாட்சி சொல்ல வரமாட்டா.

அடுக்களையில் இனிப்பூட்டிகளுக்கு எல்லை உண்டு. பாகுப் பதம் சீனிக்கும் வெல்லத்துக்கும் வாய்ப்பது; இனிப்பூட்டிக்கு வாய்க்காது. அதிரசத்தைச் சிவக்க வைப்பதும், கேசரிக்குப் பளபளப்பும் திரட்சியும் தருவதும், சீனியோ வெல்லமோ பண்டத்தில் பாதியாக நின்று செய்கிற வேலை. கடுகளவு இனிப்பூட்டியால் அந்த இடத்தை நிரப்ப இயலாது. அஸ்பார்டேமோ நெடுநேரம் கொதித்தால் சிதைந்து இனிப்பையே இழந்துவிடும். தீபாவளிப் பலகாரத்தைத் தீபாவளிக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டு, சீனியிலேயே செய்து, அளவாக உண்பது நல்லது என்பது என் அபிப்பிராயம். வருஷத்தில் ஒரு வாரத்து அதிரசம் யாரையும் பருக்கவைத்ததில்லை. முந்நூற்று அறுபத்தைந்து நாளும் மூன்று வேளை வருகிற கிளாஸே பருக்கவைக்கிறது.

அந்தக் கிளாஸுக்கு அப்பால், கடையில் வாங்கும் பானங்களில் அரசாங்கம் தலையிட்டிருக்கிறது. 2019 ஜூலை முதல், 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி விதிக்கப்பட்டது; 2024இல் அது 50 சென்னாகவும், 2025இல் 90 சென்னாகவும் உயர்ந்தது; சீனி மிகுந்த 3-இன்-1 கோப்பி, தேத் தூள்களும் 2024 மார்ச் முதல் வரிக்குள் வந்தன. நோக்கம் நல்லது. ஆயினும், வரியின் எல்லைக்குக் கீழே இறங்க விரும்புகிற கம்பெனிகளுக்கு எளிய வழி, சீனியைப் பாதியாக்கி மீதி இனிப்பை இனிப்பூட்டியால் நிரப்புவது. ஆகையால், இனிப்பூட்டியை நாம் தேடிப் போகாவிட்டாலும் அது நம் வீட்டுக்கு, நம் குழந்தைகளின் புட்டிக்குள், வந்துசேரக்கூடும். புட்டியின் பின்புறத்துச் சிறிய எழுத்தில் 950 என்று இருந்தால் அசெசல்பேம், 951 அஸ்பார்டேம், 952 சைக்ளமேட், 954 சாக்கரின், 955 சுக்ரலோஸ், 960 ஸ்டீவியாவின் சாரம். வாங்குமுன் படித்துப் பார்க்கும் உரிமை நமக்கு இருக்கிறது. அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

இவற்றால் தீங்கு நேருமா என்ற பயத்தைச் சுருக்கமாகவே தீர்த்துவிடலாம். 2023 ஜூலையில் அஸ்பார்டேமைப் புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடியவை என்ற வகையில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவாண்மை சேர்த்தது; அதே நாளில், உணவில் சேர்க்கும் பொருள்களை மதிப்பிடுகிற சர்வதேசக் குழு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் வரை உட்கொள்ளலாம் என்ற பழைய வரம்பை மாற்றத் தேவையில்லை என்றது. 70 கிலோ எடையுள்ளவர் அந்த வரம்பைத் தாண்ட வேண்டுமானால், நாள்தோறும் 9 முதல் 14 டின் வரை அத்தகைய பானம் குடித்தாக வேண்டும். பிறவியிலேயே பினைல்கீட்டோனூரியா என்ற அரிய குறை உள்ளவர்கள் மட்டும் அஸ்பார்டேமைத் தொடவே கூடாது. என் மனத்தில் உறுத்துவது வேறொரு செய்தி: இஸ்ரேலின் வைஸ்மன் ஆராய்ச்சி நிலையத்தார் 120 பேரைக் கொண்டு செய்து 2022இல் வெளியிட்ட பரிசோதனையில், இரண்டே வாரத்தில், சாக்கரினும் சுக்ரலோஸும் சிலருடைய குடலிலுள்ள நுண்ணுயிர்களை மாற்றி, சர்க்கரையைச் சரீரம் கையாளும் திறனையும் சற்றுக் குலைத்தன, எல்லோரிடமும் ஒரேபோல் அல்ல. சென்னையின் பன்னிரண்டு வாரம் இத்தகைய கெடுதலைக் காட்டவில்லை. வழக்கு நடந்துகொண்டிருக்கிறது என்பதே நேர்மையான பதில். நடக்கிற வரையில், குழந்தைகளுக்குத் தண்ணீரையே பழக்குவது விவேகம்.

'பொய்யான இனிப்பு நாக்கைக் கெடுத்து, மெய்யான இனிப்பின் மேல் ஆசையை வளர்க்கும்' என்று சிலர் சொல்வதுண்டு. நானும் அதை நம்பியிருந்தேன். நெதர்லாந்தின் வாகெனிங்கன் பல்கலைக்கழகத்தார் 180 பேருக்கு ஆறு மாதம் இனிப்பு மிகுந்த, நடுத்தரமான, குறைந்த உணவுகளைத் தனித்தனியே கொடுத்துப் பார்த்தபோது, இனிப்பின் மேலுள்ள விருப்பம் எந்தப் பிரிவிலும் கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆசை அவ்வளவு எளிதில் அசைவதில்லை. ஆனால், அமெரிக்காவில் மூன்று மாதம் சீனியைக் குறைத்து உண்டவர்களிடம் 2016இல் கண்ட ஒன்று எனக்கு ஆறுதலாக இருக்கிறது: அவர்களுக்கு அதே புட்டிங் முன்னிலும் அதிகமாகத் தித்தித்தது. விருப்பம் மாறாவிட்டாலும் நாக்கு கூர்மையடைகிறது. முன்பு மூன்று கரண்டி தந்த இனிப்பை இரண்டு கரண்டியே தரத் தொடங்குகிறது. நானே என் கோப்பியில் மாதத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்து வந்தபோது, முதல் வாரம் கசந்தது பின்பு கசக்கவில்லை. மலாய்க் கடைகளில் 'கூராங் மானிஸ்', அதாவது இனிப்பைக் குறைத்து என்று கேட்பவர்கள் இப்போது பெருகிவருகிறார்கள். அது ஒரு நல்ல சகுனம். அந்தச் சொல்லுக்குக் காசில்லை, மாத்திரைக்கு உண்டு.

சென்ற வாரம் மறுபடியும் அந்த ஒட்டுக்கடைக்குப் போயிருந்தேன். பெரியவர் என்னைக் கண்டதும் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் எதிரில் பால் இல்லாத கறுத்த தேநீர் இருந்தது. 'தே ஓ கோசோங்' என்று கேட்டு வாங்கியிருக்கிறார். டப்பியைத் தட்டி ஒரே ஒரு மாத்திரையை அதில் விழச் செய்து, கலக்கி, ஒரு வாய் குடித்து முகத்தைச் சற்றுச் சுளித்துக்கொண்டு, இன்னொரு வாய் குடித்தார். எடை என்ன ஆயிற்று என்று நான் கேட்க வாயெடுப்பதற்குள் அவரே சொன்னார்: "இப்பதான் மூணு வாரம் ஆவுது தம்பி. தீவாளிக்கு அப்புறம் வந்து கேளுங்க."